மொழியை பிரவுசர் தலையில் கட்டாதீர்கள்

இணையதளம் கட்டும் குழுக்களில் பல ஆண்டுகளாக ஒரு கருத்து எதிர்ப்பே இல்லாமல் உலவுகிறது. தளத்தை முதலில் ஆங்கிலத்தில் கட்டி முடித்துவிடலாம். பொத்தான், தலைப்பு, அறிவிப்பு என்று திரையில் தெரியும் வாசகங்களை மொழிபெயர்த்து ஒரு ஜேசன் கோப்பில் வைத்துவிட்டால் போதும். வாசகர் ‘தமிழ்’ என்பதைத் தொட்டதும் பிரவுசரில் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் அந்தக் கோப்பை இறக்கி வாசகங்களை மாற்றிக்கொள்ளும். சர்வர் தரவை மட்டும் கொடுத்தால் போதும், மொழியைப் பற்றி அது கவலைப்பட வேண்டியதில்லை.

இதைச் சொல்பவர்கள் திறமையான பொறியாளர்கள். அவர்களுடைய காரணங்களும் கேட்க நியாயமாகவே இருக்கும்: செலவு குறைவு, வேலை எளிது, மொழி மாறும்போது பக்கம் மறுபடி லோட் ஆக வேண்டியதில்லை. ஆனாலும் இந்தக் கருத்து தவறு. தமிழ் போன்ற மொழிகளுக்கு அது தொடர்ந்து அநீதி செய்துவருகிறது. ஒரு பக்கம் எந்த மொழியில் வாசிக்கப்படப் போகிறது என்பது சர்வரில், முதல் பைட் புறப்படும் முன்பே முடிவாகிவிட வேண்டும். வாசகரின் கையிலுள்ள கருவிக்கு மட்டுமே தெரிந்தவற்றை பிரவுசரிடம் விடலாம். இரண்டு இடத்திலும் ஒரே வாசகக் கோப்பு, ஒரே இலக்கண விதி இருக்க வேண்டும். நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். ஆனால் இதற்கு எதிராகச் சொல்லப்படும் ஒவ்வொன்றையும் எடுத்துப் பார்க்காமல் இதை நிறுவ முடியாது.

வழக்கமான முறையில் ஒரு தமிழ்ப் பக்கம் எப்படி வந்து சேர்கிறது என்று பார்ப்போம். சர்வர் முதலில் அனுப்புவது கிட்டத்தட்ட வெற்று எச்டிஎம்எல். அதைப் படித்த பிறகுதான் ஜாவாஸ்கிரிப்ட் கோப்பு வேண்டும் என்பது பிரவுசருக்குத் தெரிகிறது. அது இறங்கி ஓடத் தொடங்கிய பிறகு, ‘இவருக்குத் தமிழ்’ என்ற முடிவு எடுக்கப்படுகிறது. பிறகு தமிழ் ஜேசன் கோப்புக்காக இன்னொரு கோரிக்கை போகிறது. அது வந்து வாசகங்கள் பக்கத்தில் ஏறிய பிறகு நான்காவது காத்திருப்பு தொடங்குகிறது. இது எழுத்துருவுக்கானது. பலர் கவனிக்காமல் விடும் இடம் இதுதான். இணைய எழுத்துருக்களை இன்று எழுத்து வரம்பு வாரியாகப் பிரித்தே தருகிறார்கள். கூகுள் ஃபான்ட்ஸில் நோட்டோ சான்ஸ் தமிழைப் பயன்படுத்தினால், தமிழ் எழுத்துகளுக்கு ஒரு கோப்பும் லத்தீன் எழுத்துகளுக்கு வேறு கோப்பும் இருக்கும். பக்கத்தில் தமிழ் எழுத்தைக் கண்ட பிறகே பிரவுசர் தமிழ்க் கோப்பை இறக்கும். தமிழ் கடைசியில் வந்தால் எழுத்துருவும் கடைசியில்தான் வரும்.

ஆங்கில வாசகருக்கு இவ்வளவு காத்திருப்பு இல்லை. ஆங்கில வாசகங்கள் பெரும்பாலும் ஜாவாஸ்கிரிப்ட் கோப்புக்குள்ளேயே இருக்கும். எழுத்துருவும் கருவியிலேயே இருக்கலாம், அல்லது முதலிலேயே இறங்கிவிடும். ஆகவே இந்தக் கட்டமைப்பு எல்லா மொழிகளையும் ஒரே மாதிரி தாமதப்படுத்துவதில்லை. ஆங்கிலம் அல்லாத மொழியைத் தேர்ந்தெடுத்தவரை மட்டும் தனியாகத் தண்டிக்கிறது. அதே பக்கத்தை சர்வர் தமிழிலேயே அனுப்பினால் முதல் பதிலிலேயே வாசிக்க வேண்டிய உரை முழுவதும் வந்துவிடும். மொழி எது என்று சர்வருக்குத் தெரிந்திருப்பதால், தமிழ் எழுத்துருவை இப்போதே இறக்கு என்று பக்கத்தின் தலைப் பகுதியிலேயே சொல்லிவிடலாம். நான்கு காத்திருப்புகள் ஒன்றிரண்டாகச் சுருங்கும்.

காத்திருப்பைத் தவிர்க்கச் சில குழுக்கள் எல்லா மொழிக் கோப்புகளையும் ஒரே ஜாவாஸ்கிரிப்ட் கட்டுக்குள் திணித்துவிடுகின்றன. அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் 22 மொழிகள் உள்ளன. அத்தனையையும் தாங்கும் தளம் இப்படிக் கட்டப்பட்டால், தமிழ் மட்டும் வாசிக்கப் போகிறவர் மற்ற 21 மொழிகளின் வாசகங்களையும் தன் டேட்டாவில் இறக்க வேண்டும். யுடிஎஃப்-8 குறியீட்டில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட். ‘தமிழ்’ என்ற சொல்லே ஐந்து குறிகள், 15 பைட். பிஎச்பி, பைத்தான் இரண்டிலும் ஜேசன் உருவாக்கும் செயற்கூறுகளை இயல்பான அமைப்பில் விட்டுவிட்டால், ஒவ்வொரு குறியையும் ஆறு எழுத்துள்ள குறியீடாக மாற்றிவிடும். அதே சொல் 30 பைட் ஆகிவிடுகிறது. சுருக்கி அனுப்பும்போது இதில் பெரும்பகுதி குறையும். ஆனால் பிரித்தபின் அதைப் படித்து நினைவகத்தில் வைக்கும் வேலை வாசகரின் மலிவு விலை போனுக்குத்தான்.

இந்த விவாதத்தின் பொதுவடிவம் பழையது, தீர்ப்பும் ஒருமுறை வந்துவிட்டது. 2010-ல் ட்விட்டர் தன் தளத்தைத் திருத்தி அமைத்தபோது பக்கம் உருவாக்கும் வேலை முழுவதையும் பிரவுசரிடம் ஒப்படைத்தது. 2012 மே மாதத்தில் அந்த நிறுவனத்தின் பொறியாளர்களே அதிலிருந்து பின்வாங்கி, முதல் பக்கத்தை மறுபடி சர்வரிலேயே உருவாக்கத் தொடங்கினார்கள். அதன் மூலம் முதல் லோடுக்கு ஆகும் நேரம் முன்பிருந்ததில் ஐந்தில் ஒன்றாகக் குறைந்ததாக அவர்களே அறிவித்தார்கள். அடுத்த ஆண்டு ஏர்பிஎன்பி, ஒரே ஜாவாஸ்கிரிப்ட் நிரலை சர்வரிலும் பிரவுசரிலும் ஓட்டும் ரெண்டர் என்ற நூலகத்தை வெளியிட்டது. 2016 அக்டோபரில், ரியாக்ட் நூலகத்தில் எழுதிய பக்கத்தை சர்வரிலேயே உருவாக்கித் தரும் நெக்ஸ்ட் ஜேஎஸ் என்ற கருவி வந்தது. உள்ளடக்கத்தை முதன்மையாகக் கொண்ட தளங்களில் முதல் பக்கம் சர்வரிலிருந்து வர வேண்டும் என்பதை இன்று பலரும் ஏற்கிறார்கள். ஆனால் மொழி என்று வந்ததும் பழைய பழக்கத்துக்குத் திரும்பிவிடுகிறார்கள். சர்வர் அழகாகப் பக்கம் உருவாக்கித் தருகிறது, ஆங்கிலத்தில். தமிழ் அதன் மேல் பிரவுசரில் ஒட்டப்படுகிறது. ஆங்கில வரி தோன்றி, மறைந்து, நீளமான தமிழ் வரியாகி, பொத்தான் கீழே நகர்ந்து, வாசகர் தொட நினைத்ததை விட்டு வேறொன்றைத் தொடுகிறார். பக்கம் இப்படிக் குதிப்பதை அளக்க 2020-ல் கூகுள் ஓர் அளவுகோலை அறிவித்து, 0.1-க்குள் இருந்தால் நல்லது என்று வரம்பும் வைத்தது. ஆங்கிலத்தில் மட்டும் சோதித்துப் பார்க்கும் குழு அந்த வரம்புக்குள் தேறிவிட்டதாகவே நினைத்துக்கொள்ளும்.

வேகத்தை ஒதுக்கிவிட்டும் பார்க்கலாம். எல்லோரிடமும் நல்ல போன், நல்ல இணைப்பு என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் ஒரு பக்கத்தைப் படிப்பது மனிதக் கண் மட்டும் அல்ல. வாட்ஸ்அப்பில் ஓர் இணைப்பைப் பகிர்ந்தால் கூடவே தோன்றும் தலைப்பும் படமும், எச்டிஎம்எல்லின் தலைப் பகுதியிலுள்ள குறிச்சொற்களிலிருந்து எடுக்கப்படுகின்றன. அதற்காக யாரும் ஜாவாஸ்கிரிப்டை ஓட்டுவதில்லை. ஒரு மருத்துவ முகாம் பற்றிய தமிழ் அறிவிப்பை ஒருவர் தன் ஊர்க் குழுவில் பகிர்ந்தால், குழுவினர் காண்பது ஆங்கிலத் தலைப்பு. நம் ஊர்களில் செய்தி பரவும் வழியே வாட்ஸ்அப் என்று ஆகிவிட்ட காலத்தில் இதைச் சிறு குறை என்று யாரும் சொல்ல முடியாது.

தேடலிலும் இதே கதைதான். கூகுள் இன்று ஜாவாஸ்கிரிப்டை ஓட்டிப் பார்க்கிறது, ஆகவே கவலையில்லை என்பார்கள். ஓட்டுகிறது, உண்மைதான். ஆனால் கூகுளின் தேடுபொறி, எந்த மொழி வேண்டும் என்று சொல்லும் தலைப்பை (எச்டிடிபி ஹெடர்) தன் கோரிக்கையோடு அனுப்புவதில்லை. மொழிப் பொத்தானையும் அது தொடாது. ஒரே முகவரியில் குக்கீயைப் பார்த்து மொழி மாறும் தளத்தில் அது காண்பது இயல்பு மொழியை மட்டுமே. ஒவ்வொரு மொழிக்கும் தனி முகவரி வையுங்கள், குக்கீயை நம்பாதீர்கள் என்று கூகுளின் வழிகாட்டியே சொல்கிறது. ஒரே பக்கத்தின் மொழி வடிவங்களை ஒன்றோடொன்று இணைத்துக் காட்டும் குறியை 2011 முதல் அது ஏற்றுவருகிறது. பிரவுசரில் மட்டும் பிறக்கும் தமிழ்ப் பக்கத்துக்குத் தனி முகவரி இல்லை. முகவரி இல்லாத பக்கத்தைத் தேடி எடுக்க முடியாது, சேமித்து வைக்க முடியாது, இன்னொருவருக்கு அனுப்பவும் முடியாது.

பார்வையற்றோர் நிலை இன்னும் மோசம். திரைவாசிப்பான், பக்கத்தின் மொழி என்ன என்பதை எச்டிஎம்எல்லின் முதல் குறிச்சொல்லில் உள்ள மொழிப் பண்பிலிருந்து தெரிந்துகொள்கிறது. அதைச் சரியாகக் குறிக்க வேண்டும் என்பது 2008-ல் வெளியான இணைய அணுகல் நெறிமுறையில் மிக அடிப்படையான ‘ஏ’ நிலை விதி. சர்வர் ஆங்கிலம் என்று குறித்து அனுப்பிய பக்கத்தில் பிரவுசர் வாசகங்களை மட்டும் மாற்றும்போது, இந்தப் பண்பை மாற்ற மறந்துவிடுவது சகஜம். தமிழ் எழுத்தை அறியாத ஆங்கிலக் குரல் அந்தப் பக்கத்தை வாசிக்கத் தொடங்கும். கண்ணால் பார்த்துச் சோதித்தவருக்குப் பக்கம் சரியாகவே தெரிந்திருக்கும்.

இனி செலவு. ஒரே ஜாவாஸ்கிரிப்ட் கட்டை உலகெங்கும் கேச் செய்து வைப்பது மலிவு, மொழிவாரியாகப் பக்கம் உருவாக்கினால் கேச் சிதறிவிடும் என்பது எதிர்த்தரப்பின் வலுவான வாதம். அதில் பாதி உண்மை இருக்கிறது. பிரவுசர் அனுப்பும் மொழி விருப்பத் தலைப்பை வைத்து ஒரே முகவரியில் மொழியை மாற்றித் தந்தால் கேச் உண்மையிலேயே சிதறும். அந்தத் தலைப்பு ஒருவருக்கு இந்தியத் தமிழ், தமிழ், இந்திய ஆங்கிலம் என்று எடைகளோடு வரிசையாக வரும், இன்னொருவருக்கு வேறு வரிசையில் வரும். ஒவ்வொன்றுக்கும் தனிப் பிரதி சேரும். விக்கிமீடியா காமன்ஸ் இந்தச் சிக்கலில் நெடுங்காலம் மாட்டிக்கொண்டது. எல்லா மொழியினரும் வரும் ஒரே தளம் அது. கணக்கு இல்லாமல் வருபவருக்குக் கேச் காரணமாக ஆங்கில இடைமுகமே காட்டப்பட்டது. அதைச் சரிசெய்யத் தன்னார்வலர்கள் பிரவுசரில் ஓடும் சிறு நிரல் எழுதி ஒட்டுப் போட வேண்டியிருந்தது.

ஆனால் இந்தச் சிக்கல் ஒரே முகவரியால் வருவது. சர்வரில் பக்கம் உருவாக்குவதால் வருவது இல்லை. மொழியை முகவரியிலேயே வைத்துவிட்டால் தமிழ்ப் பக்கம் ஒரு பிரதி, ஆங்கிலப் பக்கம் ஒரு பிரதி. கேச்சுக்கு எந்தக் குழப்பமும் இல்லை. மேலும், சர்வரில் உருவாக்குவது என்றால் ஒவ்வொருவர் வரும்போதும் புதிதாகச் சமைக்க வேண்டும் என்று பொருள் இல்லை. முன்கூட்டியே எல்லா மொழிகளிலும் உருவாக்கிக் கோப்பாக வைத்துவிடலாம். கனடா அரசின் தளம் ஆங்கிலத்துக்கும் பிரெஞ்சுக்கும் தனித்தனி முகவரிகள் வைத்திருக்கிறது. பிரிட்டன் அரசின் தளத்தில் வெல்ஷ் மொழிப் பக்கங்களுக்கு முகவரியின் இறுதியில் அந்த மொழியின் குறி இருக்கும். மொழி விருப்பத் தலைப்புக்கும் ஓர் இடம் உண்டு: முகப்புக்கு முதன்முறை வருபவரிடம் ‘தமிழில் படிக்கிறீர்களா’ என்று கேட்பதற்கு அது போதும். அதற்கு மேல் அதை நம்பக் கூடாது. நம் ஊரில் தமிழ் மட்டுமே படிப்பவர் கையிலும் ஆங்கிலத்துக்கு அமைக்கப்பட்ட போன் இருப்பது சாதாரணம். அந்தத் தலைப்பு, போன் வாங்கிய கடையின் அமைப்பைக் காட்டுமே தவிர, வாசகரின் விருப்பத்தைக் காட்டாது.

இரு பக்க வேலையையும் முறையாகப் பிரித்துக்கொண்ட தளம் எது என்று கேட்டால் விக்கிப்பீடியாவைக் காட்டுவேன். தமிழ் விக்கிப்பீடியா 2003-ல் தொடங்கி இன்று ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகளைக் கொண்டிருக்கிறது. கட்டுரை முழுவதும் சர்வரிலிருந்து தமிழ் எச்டிஎம்எல்லாக, தன் சொந்த முகவரியில் வருகிறது. ஜாவாஸ்கிரிப்ட் ஓடாத பழைய கருவியிலும் அதைப் படிக்கலாம். தொகுப்பான், தேடல் பரிந்துரை, தமிழ்த் தட்டச்சு உதவி போன்றவை பிரவுசரில் இயங்குகின்றன. அவற்றுக்கு வாசகங்கள் எங்கிருந்து வருகின்றன என்பதுதான் முக்கியம். மீடியாவிக்கி மென்பொருளில் 2011-ல் சேர்ந்த ரிசோர்ஸ்லோடர் என்ற பகுதி, ஒவ்வொரு சிறு கருவிக்கும் தேவையான வாசகங்களை மட்டும், தேவையான மொழியில் மட்டும், அந்தக் கருவியின் நிரலோடு சேர்த்துக் கட்டி அனுப்புகிறது. பன்மைக்கும் இலக்கண மாற்றத்துக்கும் மொழிபெயர்ப்பாளர் எழுதும் விதி இரண்டு இடத்திலும் ஒன்றே. டிரான்ஸ்லேட்விக்கி தளத்தில் ஒரு தன்னார்வலர் ஒருமுறை எழுதிய தமிழ் வாசகத்தை சர்வரும் பயன்படுத்துகிறது, பிரவுசரும் பயன்படுத்துகிறது. சீனத்தின் எளிய எழுத்து, மரபெழுத்து மாற்றமும், செர்பியத்தின் சிரிலிக், லத்தீன் மாற்றமும்கூட அங்கே சர்வரிலேயே நடக்கின்றன. நன்கொடையில் ஓடும் ஓர் அமைப்பு 300-க்கும் மேற்பட்ட மொழிகளுக்கு இதைச் செய்துகாட்டும்போது, இரண்டு மொழித் தளம் நடத்தும் நிறுவனம் செலவைக் காரணம் சொல்வதை நான் ஏற்க மாட்டேன்.

இதற்கு மேல் வரும் எதிர்வாதம்தான் உண்மையில் கடினமானது. சர்வரிலும் பிரவுசரிலும் ஒரே பக்கத்தை உருவாக்கினால் இரண்டும் ஒத்துப்போகாமல் மோதிக்கொள்ளும் என்கிறார்கள். ரியாக்ட் போன்ற நூலகங்களில், சர்வர் அனுப்பிய எச்டிஎம்எல்லை பிரவுசர் தன் கணக்குப்படி மறுபடி உருவாக்கிப் பார்த்து, இரண்டும் ஒன்றே என்று உறுதிசெய்துகொண்டு பொத்தான்களுக்கு உயிர் கொடுக்கிறது. இதை ஹைட்ரேஷன் என்கிறார்கள். ஓர் எழுத்து மாறினாலும் சிக்கல்தான். 2022-ல் வந்த ரியாக்ட் 18, உரை பொருந்தாத இடத்தில் சர்வர் தந்த பகுதியைக் கைவிட்டு, பிரவுசரிலேயே புதிதாக உருவாக்கிவிடும். மொழி சார்ந்த வடிவங்கள்தாம் இப்படி அடிக்கடி முரண்படுபவை.

இதற்கு நல்ல உதாரணங்கள் உண்டு. சர்வரில் ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் நோட் மென்பொருளின் 13-ஆம் பதிப்பு 2019 அக்டோபரில் வரும்வரை, அதன் வழக்கமான நிறுவலில் ஆங்கில வட்டாரத் தரவு (தேதி, எண் போன்றவற்றை ஒரு மொழியில் எழுதும் விதிகள்) மட்டுமே இருந்தது. தமிழ்த் தேதி கேட்டாலும் சர்வர் ஆங்கிலத்தில் கொடுக்கும், பிரவுசர் தமிழில் கொடுக்கும். 2022 அக்டோபரில் வெளியான யூனிகோட் வட்டாரத் தரவின் 42-ஆம் பதிப்பு, ஆங்கில நேரத்தில் முற்பகல், பிற்பகல் குறிக்கு முன்னால் சாதாரண இடைவெளிக்குப் பதில் குறுகிய, பிரியாத இடைவெளியைப் போட்டது. கண்ணுக்குத் தெரியாத இந்த ஒரு மாற்றம் குரோம் 110 வழியாகப் பரவியபோது, நேரத்தை எழுத்தாக ஒப்பிட்ட பல நிரல்கள் உடைந்தன. கடைசியில் குரோம் பழைய இடைவெளிக்கே திரும்பியது. நேர மண்டலம் இன்னொன்று. சர்வர்கள் பெரும்பாலும் உலகப் பொது நேரத்தில் ஓடுகின்றன. நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால். ஆகவே நள்ளிரவு 12 மணி முதல் அதிகாலை 5.30 வரை, ‘இன்று’ என்ற இடத்தில் சர்வர் நேற்றைய தேதியைப் போடும். பிரவுசர் அதைத் திருத்த முயலும்.

இவையெல்லாம் உண்மை. ஆனால் இவற்றிலிருந்து, ‘ஆகவே சர்வரை விட்டுவிடுங்கள்’ என்று முடிவுகட்டுவது தவறு. இரண்டு இடத்தில் இரண்டு பேர் தனித்தனியாக ஒரே முடிவை எடுப்பதால்தான் மோதல் வருகிறது. முடிவை ஓரிடத்தில் எடுத்தால் மோதல் இல்லை. தேதியை சர்வர் தமிழில் எழுதிவிட்டால் அந்த எழுத்தையே தரவாக அனுப்பலாம். பிரவுசர் மறுபடி கணக்கிட வேண்டியதில்லை. எந்த வட்டாரத் தமிழ், எந்த நேர மண்டலம், ‘இப்போது’ என்பது எந்த நொடி ஆகிய மூன்றையும் சர்வர் பக்கத்தோடு சேர்த்து அனுப்ப வேண்டும். பிரவுசர் தானாக ஊகிக்கக் கூடாது. வெறும் தமிழ் என்று குறித்தால் எண்கள் 12,34,567 என்று இந்திய முறையில் வரும். சிங்கப்பூர்த் தமிழ், மலேசியத் தமிழ் என்று குறித்தால் 1,234,567 என்று வரும். சர்வர் ஒன்றையும் பிரவுசர் மற்றொன்றையும் எடுத்துக்கொண்டால் முரண்படத்தான் செய்யும். முரண்பாட்டு எச்சரிக்கையை அடக்கிவைக்க ரியாக்டில் ஒரு வசதி இருக்கிறது. அதைப் போட்டுவிட்டு வேலை முடிந்தது என்று நகர்வதை மட்டும் யாரும் செய்ய வேண்டாம்.

ஹைட்ரேஷனையே குறைக்கலாம் என்பதும் பலருக்கு உறைப்பதில்லை. ஒரு செய்திக் கட்டுரைக்கோ அரசு அறிவிப்புக்கோ உயிர் கொடுக்க என்ன இருக்கிறது? அது வாசிப்பதற்கான உரை. முழுப் பக்கத்தையும் ஹைட்ரேட் செய்யும் தளங்கள் அந்த உரையை எச்டிஎம்எல்லாக ஒருமுறையும், அதன் அடியில் ஜேசனாக மறுமுறையும் அனுப்புகின்றன. குறிக்கு 3 பைட் பிடிக்கும் மொழிக்கு இது இரட்டைச் சுமை. உரையை அப்படியே விட்டுவிட்டு, தேடல் பெட்டி, இருக்கைத் தேர்வு போன்ற சிறு பகுதிகளுக்கு மட்டும் ஜாவாஸ்கிரிப்ட் அனுப்பும் முறை இன்று ஆஸ்ட்ரோ போன்ற கருவிகளில் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. சேர்த்துச் செய்வது என்றால் எல்லாவற்றையும் இரண்டு முறை செய்வது என்று எடுத்துக்கொண்டதுதான் இந்தக் குழப்பத்துக்குக் காரணம்.

ஜேசன் கோப்பே போதும் என்பவர்களிடம் தமிழைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஆங்கில வாசகத்தில் ஊர்ப் பெயருக்கு ஓர் இடம் விட்டுவைத்து, பிறகு பெயரை நிரப்பினால் வேலை முடிந்தது. தமிழில் வேற்றுமை உருபு ஒட்டும்போது பல இடங்களில் பெயரே மாறும். மதுரைக்கு, திருவாரூருக்கு, ஈரோட்டுக்கு, சிதம்பரத்துக்கு. பிரவுசரில் வெட்டி ஒட்டும் தளங்கள் ‘ஈரோடுக்கு’, ‘சிதம்பரம்க்கு’ என்று காட்டுகின்றன. பேருந்துச் சீட்டு எடுப்பவர் தன் ஊரின் பெயர் இப்படிச் சிதைந்திருப்பதைப் பார்க்க வேண்டியிருக்கிறது. பத்து வயதுப் பிள்ளை செய்யாத பிழை இது. ஊர்ப் பெயரின் வேற்றுமை வடிவங்களைத் தரவுத்தளத்தில், சர்வரில் வைத்திருக்க வேண்டும். பக்கம் உருவாகும்போது சரியான வடிவத்தை சர்வர் போடும். வாசகர் ஊரை மாற்றினால் பக்கத்தை மறுபடி கேட்க வேண்டாம். தெரிவுப் பட்டியலோடு ஒவ்வொரு ஊரின் வடிவங்களையும் சர்வர் சேர்த்தே அனுப்பியிருந்தால் பிரவுசர் அதை எடுத்துப் போட்டுக்கொள்ளும். அந்த அறிவு இருக்கும் இடம் சர்வர், அதைக் கேட்டவுடன் காட்டும் இடம் பிரவுசர்.

அகரவரிசையும் இப்படித்தான். யூனிகோடில் தமிழ் மெய்கள் நம் நெடுங்கணக்கு வரிசையில் இல்லை. ர-வுக்கு அடுத்து ற, ல-வுக்கு அடுத்து ள, ழ, அதன் பிறகே வ வரும். புள்ளிக்கான குறி கடைசியில் இருப்பதால் ‘பகல்’ முன்னால் வந்து ‘பக்கம்’ பின்னால் போகும். அகராதியில் இது தலைகீழ். ஜாவாஸ்கிரிப்டின் சாதாரண வரிசைப்படுத்தல் இந்தக் குறியீட்டு எண்ணைத்தான் பார்க்கிறது. சர்வர் தமிழ் விதிப்படி அடுக்கி அனுப்பிய மாணவர் பட்டியலை, பிரவுசர் ஒரு தொடுதலில் தன் விருப்பப்படி கலைத்துவிடும். தமிழ் அகரவரிசை விதி சர்வரிலும் உண்டு, பிரவுசரிலும் உண்டு. இரண்டிலும் அதைக் கேட்டு வாங்க வேண்டும்.

‘இவ்வளவும் யாருக்காக? எங்கள் தளத்தில் தமிழைத் தேர்ந்தெடுப்பவர்களே மிகக் குறைவு’ என்பது கடைசியாக வரும் பதில். தமிழ்ப் பக்கத்துக்கு முகவரி இல்லை, தேடலில் அது வராது, பகிர்ந்தால் ஆங்கிலம் தெரியும், திறந்தால் ஆங்கிலம் தோன்றிப் பிறகு தாமதமாக மாறும். இத்தனை தடையையும் தாண்டி வந்தவர்களை மட்டும் எண்ணிவிட்டுத் தேவை இல்லை என்று தீர்ப்புச் சொல்கிறார்கள். தேவை இருக்கிறது என்பதற்கு அடையாளம் வேறிடத்தில் கிடைக்கும். ஆங்கிலப் பக்கத்தைக் குரோமின் இயந்திர மொழிபெயர்ப்பில் தமிழாக்கிப் படிப்பவர்கள் இருக்கிறார்கள். அந்த மொழிபெயர்ப்பு உரையைத் தன் சொந்தக் குறிச்சொற்களுக்குள் மாற்றிவைக்கும். பிரவுசரில் பக்கத்தை ஆளும் ரியாக்ட், தான் வைத்த உரையைத் தேடிக் காணாமல் பிழை எழுப்பும். முழுப் பக்கமும் வெள்ளையாகிவிடுவதும் உண்டு. 2017 முதல் பொறியாளர்கள் முறையிட்டுவரும் கோளாறு இது. தமிழ் வேண்டி முயன்ற வாசகருக்குக் கிடைப்பது வெற்றுத் திரை, நிறுவனத்தின் கணக்கில் அவர் ஆங்கில வாசகர்.

ஜாவாஸ்கிரிப்ட் எல்லோருக்கும் ஓடுகிறது என்ற நம்பிக்கையும் அப்படித்தான். பிரிட்டன் அரசின் டிஜிட்டல் சேவைப் பிரிவு 2013-ல் இதை அளந்தது. வந்தவர்களில் 1.1 சதவீதம் பேருக்கு ஜாவாஸ்கிரிப்ட் மேம்பாடுகள் போய்ச் சேரவில்லை. அதை அணைத்துவைத்தவர்களும் அது ஓடாத கருவி வைத்திருந்தவர்களும் சேர்ந்தே 0.2 சதவீதம்தான், மீதி 0.9 சதவீதம் பேருக்கு ஓட வேண்டியது ஓடவில்லை. இணைப்பு நடுவில் அறுந்தால், ஏதோ ஒரு கோப்பு இறங்காமல் போனால் அப்படி ஆகும். சர்வர் தமிழில் அனுப்பியிருந்தால் அந்த நிலையிலும் அறிவிப்பு வாசிக்கக் கிடைத்திருக்கும்.

பிரவுசருக்கு வேலையே இல்லை என்று நான் சொல்லவில்லை. டொராண்டோவில் இருப்பவர் யாழ்ப்பாணச் செய்தித்தளம் ஒன்றின் தமிழ்ப் பக்கத்தைப் படிக்கிறார் என்றால், அவருடைய நேர மண்டலம் சர்வருக்குத் தெரியாது. நேரலை எப்போது தொடங்கும் என்பதை இலங்கை நேரத்தில், ‘இலங்கை நேரம்’ என்று எழுதி சர்வர் அனுப்பட்டும். பிரவுசர் அருகில் டொராண்டோ நேரத்தைச் சேர்க்கட்டும். விமானம் புறப்படும் நேரத்தை மட்டும் அது தொடக் கூடாது, அது விமான நிலையத்தின் நேரம். கிரிக்கெட் ஸ்கோர், படிவத்தில் தட்டச்சு செய்யும்போதே காட்ட வேண்டிய பிழைச் செய்தி, இணைப்பு இல்லாதபோது சேமித்துவைத்த பக்கம் எல்லாம் பிரவுசரின் வேலை. மொழியை மாற்றும்போது பக்கம் மினுக்காமல் மாற வேண்டும் என்பவர்களுக்கும் வழி உண்டு. பொத்தான் உண்மையான இணைப்பாக மற்ற மொழியின் முகவரியைக் காட்டட்டும். ஜாவாஸ்கிரிப்ட் ஓடினால் அந்தப் பக்கத்தைப் பின்னணியில் எடுத்து வைக்கட்டும், ஓடாவிட்டால் இணைப்பு தன் வேலையைச் செய்யும்.

தமிழில் தளம் கேட்டு ஒப்பந்தப்புள்ளி எழுதும் அதிகாரிகளிடமும், பத்திரிகை ஆசிரியர்களிடமும், நிறுவன மேலாளர்களிடமும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். ‘தமிழ் வசதி உண்டு’ என்ற ஒற்றை வரியை ஏற்காதீர்கள். ஒவ்வொரு பக்கத்துக்கும் தமிழில் தனி முகவரி, சர்வர் அனுப்பும் எச்டிஎம்எல்லிலேயே தமிழ்த் தலைப்பும் தமிழ் உரையும், சரியான மொழிக் குறி என்று நிபந்தனையாகவே எழுதுங்கள். தளத்தை ஒப்படைக்கும் நாளில் ஜாவாஸ்கிரிப்டை அணைத்துவிட்டுத் தமிழ் முகவரியைத் திறக்கச் சொல்லுங்கள். அந்த இணைப்பை உங்கள் வாட்ஸ்அப்புக்கு அனுப்பச் சொல்லுங்கள். இரண்டு இடத்திலும் தமிழ் வரவில்லை என்றால், பணி முடிந்தது என்று கையெழுத்துப் போடாதீர்கள்.